தாமல் ஏரியில் உப்புத் தண்ணீர்

விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்த சிட்டிபாபுவுக்கு முகம் கோணிப்போனது. உப்புக் கரித்தது. ஒருவேளை விரலில் இருந்த வியர்வையோ என்னவோ என்று, டீ குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளரைக் கழுவி அதில் மொண்டு ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினான். உப்பேதான். அதுவும் கடல் உப்பு. காசிமேட்டில் பத்து வருஷம் லாஞ்சு என்ஜின்களோடு மாரடித்தவனுக்குக் கடல் தண்ணீரின் ருசியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அவன் பழுது பார்க்க வந்த மோட்டார் போட்டு நின்றுகொண்டிருந்தது தாமல் ஏரியில். கடல் எங்கே, தாமல் எங்கே! கார்த்திகை மழைக்கு நிரம்பிய ஏரி, கரையில் மாடு இறங்கிக் குடிக்கிற தண்ணீர், கையில் அள்ளினால் பாசிப் பச்சை தெரியும். போட்டின் அடித்தட்டில் கிடந்ததோ தெள்ளத் தெளிந்த தண்ணீர். வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே விரலை விறைக்க வைக்கிற சில்லிப்பு.

"என்ன கருமம்டா இது," என்று போட்டையே பார்த்துக் கேட்டான்.

இந்த ரகப் போட்டுக்கு என்ஜின் உள்ளே இருக்கும், பின்பக்கம் ஒரு மூடிக்குக் கீழே. பின்பலகையில் பெரிய ஓட்டை போட்டு அதன் வழியாக வெளியே ஒரு கால் இறங்கும். காலின் நுனியில் சுழலும் விசிறிதான் போட்டைத் தள்ளும். கால் இடம் வலம் திரும்ப வேண்டும், மேலே தூக்க வேண்டும், ஆனால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் மட்டும் வரக்கூடாது. அதற்காக மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் துருத்தியை மாட்டியிருப்பார்கள். துருத்தியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அன்றையிலிருந்து மெக்கானிக்குக்குத் தூக்கம் போச்சு.

போட்டின் சொந்தக்காரர் காசிநாதன். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த ஏரிக்கரை நிலத்தில் இப்போது ஆறு குடில், ஒரு ஓட்டல், ஏரிக்குள் நீளும் ஒரு பலகை மேடை. காணும் பொங்கலன்று திறப்பு விழா. ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தண்ணீர் இருக்கிற இடமாகத் தேடிப்போகிற அந்த நாளில் போட்டு ஓடியாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கடற்கரைப் பக்கம் ஏதோ பங்களாவில் இருந்தவர்கள் இந்தப் போட்டை அவசர அவசரமாக விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார்களாம். ரொம்ப நாள் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்ததாம். அதற்கு மேல் போட்டைப் பற்றி அவருக்கே ஒன்றும் தெரியாது.

முதல் சவாரி யாருக்கு? சிட்டிபாபுவின் மகள் பிரியதர்ஷினிக்கு. அவனாகத்தான் வாய்விட்டுக் கேட்டிருந்தான், காசிநாதனும் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். எட்டு வயசுப் பிள்ளை. மூன்றாம் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தது. இப்போது ஒழுகுகிற போட்டில் பெற்ற பிள்ளையை ஏற்றி நடு ஏரிக்கு அனுப்புவதா, இல்லை, உங்கப்பனுக்கு இந்த ஓட்டையை அடைக்கத் துப்பில்லை என்று அவளிடம் சொல்வதா?

இத்தனைக்கும் முதல் நாளே வியாதியைக் கண்டுபிடித்துவிட்டான். பழைய துருத்தி வெடித்திருந்தது. அப்போது உள்ளே கிடந்ததெல்லாம் பச்சைத் தண்ணீர், ஏரித் தண்ணீர். காலைக் கழற்றி இறக்கி, பழைய ரப்பரைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினான். என்ஜினுக்குப் பின்னால், கை மட்டுமே நுழைகிற ஓர் இடுக்கு. அதில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த எண்ணெய்ச் சேற்றை வழித்தெடுத்தபோது விரலில் வளையமாக ஏதோ தட்டுப்பட்டது. சின்னப் பெண்பிள்ளை போடுகிற வெள்ளிக் காப்பு. கறுத்துப் போயிருந்தது.

அவன் மனைவி காந்தா சாயப்பட்டறைக் குடும்பத்துப் பெண். பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிற அவள் அப்பா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டறையைக் கூட்டும்போது குப்பையில் சரிகைத் துண்டோ வெள்ளித் துணுக்கோ எது அகப்பட்டாலும் அது வீட்டுப் பெண்பிள்ளைக்கு. வெளியே கொடுத்தால் லட்சுமி கோபித்துக்கொள்வாளாம். கல்யாணமான நாளாய்ப் பார்த்துப் பார்த்து சிட்டிபாபுவுக்கும் அது பழகிப்போயிருந்தது. அதனால் அவன் காசிநாதனைக் கேட்க வேண்டும் என்றே நினைக்கவில்லை. காப்பைச் சாமான் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். காந்தா புளி போட்டுத் தேய்த்து மகள் கையில் மாட்டிவிட்டாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

மறுநாள் போட்டை ஏரியில் இறக்கினான். அதற்கடுத்த நாள் காலையில் உள்ளே இந்த உப்புத் தண்ணீர்.

அன்றையிலிருந்து அவன் செய்யாத வேலை இல்லை. புதுத் துருத்தியைக் கழற்றிப் பார்த்தான், ஒரு கீறல் இல்லை. கியர் கம்பி வருகிற ரப்பரை மாற்றினான். பின்பலகையின் சீல் வளையத்தை மாற்றினான். என்ஜினுக்குக் குளிர் தண்ணீர் இழுக்கிற குழாயை மாற்றினான், கிளாம்பு எல்லாவற்றையும் இறுக்கினான், அடியில் இருக்கிற வடிகால் மூடிக்கு டேப் சுற்றி முறுக்கினான், சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சிலிகானை அப்பினான். காலையில் வந்து மூடியைத் தூக்கினால் தண்ணீர். அதுவும் ஒழுகுகிற தண்ணீர் ஏறிக்கொண்டே போக வேண்டுமா இல்லையா? இது தினமும் என்ஜின் தாங்கியின் கீழ் போல்ட்டுவரை வந்து அங்கேயே நின்றுவிடும். ஒரு நாளும் கூடவில்லை, ஒரு நாளும் குறையவில்லை. அப்படி ஓர் ஒழுகலை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

காசிநாதன் வேறு போன் போட்டு உயிரை எடுத்தார்.

"சிட்டி, இன்னாபா பண்ணிக்கினு இருக்கற? முன்ன சொட்டு சொட்டாதான் வந்துது. நீ கை வெச்சப்புறம் கொடம் கொடமா வருதே."

"அந்தத் தண்ணி வேற காசிண்ணா, இது வேற. இது உப்பா இருக்குது."

"தாமல் ஏரியில உப்பா? வெயில்ல நின்னு நின்னு உனக்கு மண்ட கொழம்பிப் போச்சுபா."

"நீங்களே வந்து நக்கிப் பாருங்க."

"நான் எதுக்கு நக்கணும்? காணும் பொங்கலுக்குள்ள போட்டு காஞ்சி இருக்கணும். அவ்ளோதான்."

கடலில் ஓடிய போட்டு; மிதப்புக்காக அடியில் அடைத்திருக்கும் நுரைப்பஞ்சு உப்புத் தண்ணீரைக் குடித்திருக்கும், இப்போது கக்குகிறது. இப்படி ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு மனசை ஆற்றிக்கொண்டான். டிராக்டர் வைத்துப் போட்டை டிரெய்லரில் ஏற்றி, கரையில் இருக்கிற தகரக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். வடிகால் மூடியைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் இறக்கினான். பிறகு மூடியை மாட்டி, ஓஸ் பைப்பை உள்ளே விட்டு, போட்டுக்குள் தண்ணீர் நிரப்பிவிட்டு வெளியே குனிந்து சுற்றிச் சுற்றி வந்தான். ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே கசிய வேண்டும். வெளிப்புறம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஆக ஓட்டையே இல்லை. தண்ணீரை இறக்கி, பழந்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, மூடியை மாட்டி, கொட்டகைக்குத் தன் வீட்டுப் பூட்டையே கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அதே போல்ட்டுவரை தண்ணீர். தரையில், டிரெய்லர் மேல், ஏரியிலிருந்து நாற்பது அடி தள்ளி நிற்கிற போட்டுக்குள்.

அவன் கோபத்தில் ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். எவனோ விளையாடுகிறான் என்று கத்தினான். ஆனால் பூட்டு பூட்டியபடி இருந்தது, தகரத்தில் ஓட்டை இல்லை, மழை விட்டு மாதமாகிறது. கத்தி ஓய்ந்த பிறகுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. பெட்ரோலும் கிரீஸும் நாற வேண்டிய இடத்தில் ஈரத் தலைமுடியின் வாசனை. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை நனைந்தால் வருமே, அது. ஞாயிற்றுக்கிழமை பிரியாவுக்குத் தலை துவட்டும்போது அவன் கையில் ஒட்டிக்கொள்கிற வாசனை. மூடியைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே வந்து பீடி பற்றவைத்தான். இரண்டு குச்சி அணைந்துபோனது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. காந்தா போகிக்காக வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ராத்திரி சோற்றில் கை வைக்காமல் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "சாயப்பொடி தூவிப் பாக்கறதுதானே?" என்றாள்.

"போட்டுக்கு எதுக்குமா சாயம்?"

"எங்கப்பா பட்டறையில தொட்டி ஒழுவுனா அதத்தான் பண்ணுவாரு. நல்லா தொடச்சி காய வெச்சிட்டு, துணியில கட்டி மேலாக்க ஒதறி உடுவாரு. காஞ்ச பொடி அழுக்காட்டம் கெடக்கும், கண்ணுக்கே தெரியாது. தண்ணி மொதல்ல எங்க படுதோ அங்க கலர் எழுந்துக்கும். எங்கேருந்து வருது, எங்க போவுதுன்னு கோடு போட்டுக் காட்டிடும்."

சிட்டிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டான்.

"அரக்குப் பொடி இருக்குது, தரேன்," என்றாள் காந்தா. "கை வெக்காதீங்க. ரெண்டு வாரமானாலும் போவாது."

பாயில் படுத்திருந்த பிரியா கையை நீட்டினாள். "அப்பா, இந்தக் காப்பு கழலவே மாட்டேங்குதுப்பா."

"எதுக்குமா கழட்டற? அழகாதானே இருக்குது," என்று சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பிசைந்தான்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு மேல்தான் எல்லாம் காய்ந்தது. அடித்தட்டைத் துணியால் துடைத்து, காற்றாடி வைத்து, விரலால் தடவிப் பார்த்து, ஈரமே இல்லை என்று தெரிந்த பிறகு பொடி மூட்டையை மேலாக உதறினான். தவிட்டு நிறத்தில் தூசி படிந்தது, அவ்வளவுதான். என்ஜின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். இன்றைக்கு விடுவதில்லை. வா, எந்தப் பக்கம் வருகிறாய் என்று பார்த்துவிடுகிறேன்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் இரைச்சல் வந்து வந்து அடங்கியது. சூடேறிய தகரம் அவ்வப்போது டிக் டிக் என்று நெளிந்தது. கரையில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. அரை மணி நேரம் அவன் கண் அடித்தட்டை விட்டு நகரவில்லை. ஒன்றும் இல்லை. கழுத்து வலித்தது. கொட்டாவி வந்தது. தகரம் நெளிகிற சத்தம் எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை. லாரி இரைச்சலும் இல்லை. கொட்டகைக்குள் காற்று சில்லென்றாகி, பனியனுக்குள் வியர்வை குளிர்ந்துபோனது.

தேங்காய் எண்ணெய் வாசனை.

என்ஜின் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு எழுந்தது. காசளவு அரக்கு.

"மாட்டுன!" என்று கத்தியேவிட்டான். டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தான். தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று கோடு இருக்க வேண்டுமே? கோடு இல்லை. சுற்றிலும் பொடி காய்ந்தபடி கிடந்தது. நடுவில் தனியாக ஒரு பொட்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நாலு. கொஞ்சம் தள்ளி ஐந்தாவது. மேலே பார்த்தான், சொட்டுகிறதா என்று. மேலே எதுவும் இல்லை.

ஐந்து பொட்டுக்கும் கீழே வட்டமாக ஒரு ஈரம் பரவி, எல்லாவற்றையும் சேர்த்தது.

உள்ளங்கை.

சின்ன உள்ளங்கை.

சிட்டிபாபு அசையவில்லை. அரை அடி தள்ளி அடுத்த கை பதிந்தது. அதற்கடுத்து இன்னொன்று. இருட்டில் தரையைத் தட்டித் தட்டி எதையோ தேடுவோமே, அந்த மாதிரி. என்ஜினைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னால் போனது. அந்த இடுக்குக்கு. கை மட்டுமே நுழைகிற அந்த இடுக்குக்கு. அங்கே பொடி முழுக்க அரக்காகக் குழைந்தது. விரல்கள் இழுத்த கோடு. மேலே கோடு. அதன் மேலே கோடு. வழித்து வழித்து. துழாவித் துழாவி. தினமும் காலையில் அவன் துடைத்தெடுத்த தண்ணீர் என்னவென்று இப்போது புரிந்தது. ராத்திரி முழுக்க ஈரம் சொட்டச் சொட்ட ஏதோ அங்கே உட்கார்ந்து தேடியிருக்கிறது.

காப்பு.

சத்தமே வராமல் அவன் வாய் அந்தச் சொல்லை அசைத்தது.

இடுக்கில் கோடுகள் நின்றன. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு கை, போட்டின் உட்பக்கச் சுவரில் பதிந்தது. அவன் பக்கமாக.

எப்படிக் கீழே குதித்தான் என்று தெரியாது. முட்டி சிமெண்டில் அடித்தது. சுவரோரம் நகர்ந்தான். போட்டின் விளிம்பில் நாலு விரல் எழுந்தது. கீழே தரையில் சத்தமில்லாமல் ஒரு பாதம். அடுத்த பாதம். ஈரமான அரக்குப் பாதங்கள். அவனை விட்டு விலகி, சுவரில் ஆணியில் தொங்கிய சாமான் பையிடம் போயின. குதிகால் மறைந்து விரல்கள் மட்டும் பதிந்தன. எக்குகிறது. பை ஆடியது. பையின் வாயில் ஒரு கை. காப்பை அவன் போட்டுக் கொண்டுபோன அதே பை.

பை ஆடி நின்றது.

தரையில் பாதங்கள் திரும்பின. விரல்கள் அவன் பக்கம் பார்த்தன.

சிட்டிபாபு ஓடினான். பூட்டவில்லை, பையை எடுக்கவில்லை, செருப்பு ஒன்று எங்கேயோ விழுந்தது. வெளியே மரத்தடியில் நின்ற ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். மனசில் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை கையிலிருந்து அந்தச் சனியனைக் கழற்ற வேண்டும், கொண்டுவந்து இருந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். அம்மா தாயே, தெரியாமல் எடுத்துவிட்டேன், இதோ கொண்டுவந்துவிடுகிறேன். சத்தமாகச் சொல்லிக்கொண்டே முறுக்கினான்.

நெடுஞ்சாலையில் வந்து லாரிச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது. வெள்ளைகேட்டில் ஊருக்குள் திரும்பும்போது வண்டி பின்பக்கம் லேசாகத் தழைந்த மாதிரி இருந்தது. டயரில் காற்று குறைவாக இருக்கும். முதுகு நனைந்திருந்தது. வியர்வைதான், வேறென்ன. ஆனால் இடுப்பில், இரண்டு பக்கமும், உள்ளங்கை அளவுக்கு மட்டும் ஐஸ் வைத்தது போல் சில்லிட்டது. பிரியா பின்னால் உட்கார்ந்தால் சட்டையைப் பிடித்துக்கொள்கிற அதே இடம்.

கண்ணாடியைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தெருக்களில் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் நேராக வீட்டுக்குத்தான் ஓட்டினான். வேறு எங்கே போவான்?

பிரியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்படியே மண்டியிட்டு அவள் இடது கையைப் பிடித்தான்.

"குடுமா. காப்ப குடு. அப்பா வேற வாங்கித் தரேன்."

"கழலலன்னு சொன்னேன்ல?"

இழுத்தான். காப்பு மணிக்கட்டோடு ஒட்டிக் கிடந்தது. மாட்டிய அன்றைக்கு ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்ததே! காந்தா சோப்பு எடுத்து வரச் சமையலறைக்குப் போனவள், அவன் முதுகைப் பார்த்து நின்றாள்.

"இன்னாங்க சட்டையெல்லாம் கற? கை வெக்காதீங்கன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன். இடுப்புல ரெண்டு பக்கமும் அஞ்சு வெரலும் அப்படியே பதிஞ்சிருக்குது."

அவன் தன் கைகளை விரித்துப் பார்த்தான். கிரீஸ்தான் இருந்தது. துளி அரக்கு இல்லை.

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மகள் கையை விடாமலே மறுகையால் காதில் வைத்தான்.

"சிட்டி! பூட்டாம எங்கபா ஓடிப்போன?" காசிநாதன் குரலில் சிரிப்பு வழிந்தது. "பரவால்ல, செம வேல பண்ணிட்ட. இப்பதான் ஏறிப் பாத்தேன், உள்ள காஞ்சி கருவாடா கெடக்குது. ஒரு சொட்டு தண்ணி இல்ல. ஏதோ செவப்புப் பொடியக் கொட்டி வெச்சிருக்கற பாரு, அத மட்டும் தொடச்சிடு. ஒழுவல் நின்னுடுச்சுபா!"

போனைக் கீழே வைத்தான்.

"இந்தத் தண்ணி எங்கேருந்துதான் ஒழுவுதோ தெரியல," என்று காந்தா பின்னாலிருந்து அலுத்துக்கொண்டாள். "இப்பதான் கழுவித் தொடச்சேன். வாசப்படியிலேருந்து நடுவூடு வரைக்கும் நனஞ்சிக்கினு கெடக்குது."

சிட்டிபாபு மெல்லக் கண்ணைத் தாழ்த்தினான். வாசற்படியிலிருந்து வரிசையாக அரக்கு நிறப் பாதங்கள். உள்ளே வருகிற பாதங்கள். அவனைத் தாண்டி, டிவியைத் தாண்டி, பிரியாவின் வலது பக்கத்தில் போய் நின்றிருந்தன. அங்கே தரையில் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு ஓர் ஈரம். அது மெதுவாக அகலமாகிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

உப்பு.

காப்பை மறந்து பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தான். வரவில்லை. அவளுடைய வலது கை தானாக உயர்ந்து, முழங்கை விறைத்து, காலியாக இருந்த அந்தப் பக்கமாக நீண்டது. அதன் மணிக்கட்டில், தோலின் மேல், ஒன்றன்பின் ஒன்றாக நாலு சின்ன விரல்கள் அரக்காக எழுந்தன. அடியிலிருந்து கட்டைவிரல் வந்து சுற்றிக்கொண்டது.

பிரியா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. முகத்தை மட்டும் சுளித்தாள்.

"உடுப்பா. ரெண்டு பேரும் இழுத்தா கை வலிக்குது."